தொட்டிக்காரம்மாவும் கிளட்சும்

தொட்டிக்காரர் வழுக்கி விழுந்தது வேறெங்கும் இல்லை, தன் வீட்டுப் பின்பக்கத்து ஷெட்டில்தான். ஊரில் உள்ள ஆபீஸ் மாடிகளிலெல்லாம் ஈரக் காலோடு ஏறி இறங்கி, முகம் தெரிகிற பளிங்குத் தரைகளில் தண்ணீர் டிரம்மைத் தோளில் வைத்து நடந்து, ஒரு நாளும் சறுக்காத மனிதர், தான் கொட்டின தண்ணீரில் தானே காலை விட்டார். இடது முழங்கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கிவிட்டது. விழும்போதும் கையில் இருந்த மீன் பையை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். சத்தம் கேட்டு ஓடி வந்த மனைவி முதலில் அந்தப் பையை வாங்கி, பக்கத்துத் தொட்டியில் மிதக்க விட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் அவரைத் தூக்கினாள். கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இந்த ஒரு விஷயத்தை அவர் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லி ஆற்றிக்கொண்டார்.

"உங்களுக்கு ஒரு கால் போனா இன்னொரு கால் இருக்கு. அந்தப் பை கிழிஞ்சா அதுங்களுக்கு வேற தண்ணி ஏது" என்று அவளும் சளைக்காமல் பதில் சொல்வாள்.

அவர்கள் தொழில் மீன். மீன் என்றதும் வறுக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வந்து கதவைத் தட்டுகிறவர்கள் உண்டு. இது தின்கிற மீன் இல்லை, பார்க்கிற மீன். பல் டாக்டர் வீட்டு வரவேற்பறை, வங்கி, ஹோட்டல், பெரிய ஆபீஸ் என்று கண்ணாடித் தொட்டி வைத்துக் கொடுப்பார்கள். வைத்துவிட்டு வந்தால் முடிந்துவிடாது. வாராவாரம் போய்க் கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்டி, குழாய் போட்டு அடி அழுக்கை உறிஞ்சி எடுத்து, பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் மீன் செத்து மிதக்கும். அதில் போட்டிருக்கும் மருந்து போகிறவரை திறந்து வைத்துப் பழசாக்கின தண்ணீர்தான் ஆகும். ஆகையால் மீனோடு தண்ணீரும் வீட்டிலிருந்தே போகும். எடுத்த அழுக்குத் தண்ணீரும் டிரம்மில்தான் திரும்பி வரும், பளபளக்கிற ஆபீஸ்களில் அதைக் கொட்ட விடமாட்டார்கள். வேனின் பின்பக்கம் முழுக்க வாய் அகன்ற டிரம்முகளும் டப்புகளும் நிற்கும். மேலே ஈரத்துணி கட்டியிருக்கும். குட்டி மோட்டார் ஒன்று காற்றுக் குமிழியைக் கிளப்பிக்கொண்டே இருக்கும்.

வண்டியும் டிரம்மும் அவர் பாடு. மீன் அவள் பாடு. எது முட்டை போடப் போகிறது, எது பக்கத்து மீனின் வாலைக் கடிக்கிறது, எதற்கு உடம்பு சரியில்லை என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். வண்டியில் அவளுக்குப் பக்கத்து சீட்டு, மடியில் மீன் பை. இத்தனை வருஷத்தில் கணவரின் காலடியில் எத்தனை மிதி இருக்கிறது என்று ஒரு நாளும் அவள் குனிந்து பார்த்ததில்லை. போக ஒன்று, நிற்க ஒன்று, ஆக இரண்டு என்றுதான் நினைத்திருந்தாள்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதை மிதிக்க இடது கால் வேண்டும் என்பது டாக்டர் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. நடக்கலாம், மெதுவாக மாடி ஏறலாம், ஆனால் அந்த முழங்காலை வைத்து நாள் முழுக்கக் கிளட்ச் மிதிக்கிற கதை இனிமேல் வேண்டாம் என்றார். கியர் இல்லாத வண்டி வாங்கிக்கொள்ளுங்களேன் என்றும் சுலபமாகச் சொன்னார். அதற்கு வசதி இருந்தால் இவர்கள் ஏன் டிரம்மைத் தோளில் தூக்குகிறார்கள்.

முதலில் ஒரு டிரைவரை வைத்துப் பார்த்தார்கள். அவனுக்குச் சூறாவளி என்று பெயர் வைத்தது அடுத்த வீட்டுத் தையல்காரி. முன்பு எதையோ ஏற்றிக்கொண்டு ராத்திரி பகலாக ஓட்டினவனாம், என்ன ஏற்றினான் என்று கேட்டால் மட்டும் சொல்ல மாட்டான். அவன் பிரேக் போட்ட முதல் சந்திலேயே டப்பில் இருந்த தண்ணீரில் பாதி முன் சீட்டுக்கு வந்தது. அதோடு குண்டுக் கண் கறுப்பு மீன் ஒன்று வந்து அவன் மடியில் விழுந்தது. அவன் வண்டியை நடுரோட்டில் விட்டுவிட்டு இறங்கி ஓடினவன்தான். சம்பளம் கேட்கக்கூட வரவில்லை.

அதற்குள் பல் டாக்டர் வீட்டுத் தொட்டி பச்சையாகிவிட்டது. காத்திருக்கிறவர்கள் உள்ளே மீன் இருக்கிறதா இல்லையா என்று பந்தயம் கட்டுகிறார்கள், இந்த மாதத்துக்குள் வரவில்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் போன் செய்தார். மற்றவர்களும் அதே ராகம்தான் பாடினார்கள்.

அந்த நேரம் பார்த்துத் தொட்டிக்காரரின் தம்பி வந்தார். பெயின்ட் கடை வைத்திருக்கிறவர். நல்லவர்தான். ஆனால் யாருக்கு என்ன கஷ்டம் வந்தாலும் அதற்குத் தன் கடையில் ஒரு இடம் காலியாக இருக்கிறது என்று நினைக்கிற நல்லவர். அண்ணன் வந்து கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், ஸ்டூல்கூட வாங்கியாயிற்று என்றார். மீனையெல்லாம் மொத்தமாக எடுத்துக்கொள்ள ஆள் பார்த்து வைத்திருந்தார். வேனை வாங்கவும் ஆள் வைத்திருந்தார். பேச்சு முழுக்க அவரே பேசினார். தொட்டிக்காரர் கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரும் வரும் என்று மனைவி பார்த்தாள். வரவில்லை. "அவன் சொல்றதும் சரிதானே" என்றுதான் வந்தது.

அவளுக்கு அந்தக் கடை தெரியும். பெயின்ட் வாசனையில் தலை கிறுகிறுக்கும். ஜன்னல் கிடையாது. விடிந்தால் ஊர் சுற்றி, எந்த ஆபீஸில் எந்த வாட்ச்மேனுக்கு எப்போது குழந்தை பிறந்தது என்பதுவரை தெரிந்து வைத்திருக்கும் இந்த மனிதரை அந்த ஸ்டூலில் உட்கார வைத்தால் இரண்டே மாதத்தில் சுருங்கிவிடுவார். ஷெட்டில் தான் குஞ்சிலிருந்து வளர்த்ததெல்லாம் எவனுடைய வண்டியிலோ ஏறிப் போகும்.

"நான் ஓட்டறேன்" என்றாள்.

கொழுந்தன் குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கில் ஏறியது. இருமி முடிக்கவே கொஞ்ச நேரம் ஆனது.

"அண்ணி, அது சைக்கிள் இல்ல. கியர் வண்டி."

"தெரியும். மூணு மிதி இருக்கு" என்றாள், இப்போதுதான் தெரிந்துகொண்டதை ரொம்ப நாளாகத் தெரிந்த மாதிரி.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இரண்டு மாதத்துக்குள் அவள் லைசென்ஸ் வாங்கிவிட்டால் தொழில் நடக்கட்டும். வாங்காவிட்டால் மீன் போகும், வேன் போகும், அண்ணன் ஸ்டூலுக்கு வருவார், அதற்கு மேல் பேச்சில்லை. தொட்டிக்காரரும் தலையாட்டிவிட்டார். எதற்குத் தலையாட்டினார் என்று அவளுக்கு விளங்கவில்லை.

சாலைக் குறிகளையெல்லாம் மனப்பாடம் செய்து பழகுநர் லைசென்ஸ் எடுப்பதில் அவளுக்குக் கஷ்டமே இல்லை. வேனின் முன்னும் பின்னும் எல் போர்டு ஒட்டினார்கள். தொட்டிக்காரர் ஊன்றுகோலைப் பின்னால் போட்டுவிட்டு, கட்டுக் காலை நீட்டிக்கொண்டு, இத்தனை வருஷமாக மனைவி உட்கார்ந்திருந்த சீட்டில் உட்கார்ந்தார். மீன் பை அவர் மடிக்கு வந்தது. பழகுவதற்கென்று தனியாக நேரம் இல்லை. தொட்டிகளுக்குப் போகிற வழியிலேயேதான் பழக வேண்டும். ஆகவே முதல் நாளே பின்னால் தண்ணீர் நிறைந்திருந்தது.

கிளட்சை மிதி, முதல் கியர் போடு, கிளட்சை மெதுவா விடு என்றார் அவர். அவள் விட்டாள். வண்டி முயல் மாதிரி ஒரு குதி குதித்து அணைந்தது. பின்னால் இருந்த தண்ணீர் மொத்தமும் முதலில் பின்கதவுக்குப் போய், அங்கே இடமில்லை என்று தெரிந்து, திரும்பி முன்னால் வந்தது. இரண்டு பேர் முதுகிலும் ஒரு அலை.

"மெதுவான்னேனே."

"மெதுவாதானே விட்டேன்."

"இன்னும் மெதுவா."

"எவ்வளவு மெதுவா? அதைச் சொல்லுங்க."

அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அது அவர் காலுக்குத் தெரிந்த விஷயம், வாய்க்குத் தெரியாது. ஒரு இடம் வரும், அங்கே வண்டி லேசா உடம்பைச் சிலிர்க்கும், அப்ப நிறுத்திப் பிடிச்சுக்கணும், வண்டியே சொல்லும் என்றார். என்கிட்ட இன்னும் ஒண்ணும் சொல்லலையே என்றாள் அவள். மறுபடி குதி, மறுபடி அலை. அவள் ஒவ்வொரு தடவை கிளட்சை விடும்போதும் அவருடைய கட்டுக் கால் தானாகத் தரையை அழுத்தியது. மாவுக்கட்டு வேனின் தகரத்தில் இடித்து டங்கென்று மணி அடித்தது. வீட்டிலிருந்து தெருமுனைக்குப் போவதற்குள் அந்த மணி அடித்து அடித்து, கதவைத் திறந்து எட்டிப் பார்க்காத ஆள் தெருவில் இல்லை.

"அக்கா, நீங்க கிளம்பினா தெருவில படுத்திருக்கற நாய் எந்திரிச்சு மாடிக்குப் போயிடுது" என்றாள் தையல்காரி. மறுநாளிலிருந்து இவர்கள் கிளம்புகிற நேரத்துக்கு அவளும் தையல் மெஷினை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அந்த முதல் வாரத்தில் அவர்கள் போய்ச் சேர்ந்த இடங்களிலெல்லாம் நனைந்தே போய்ச் சேர்ந்தார்கள். வங்கிக் காவலாளி வெளியில் மழையா என்று கேட்டுவிட்டுக் குடையை எடுத்தார். டிரம்மை அவர் தூக்க முடியாதே, சிந்தினது போக இருந்த தண்ணீரை அவளே வாளி வாளியாக மாடிக்குச் சுமந்தாள், அது தொட்டிக்குப் பற்றவில்லை. வேலை முடித்துத் திரும்பும்போது அவளுடைய இடது தொடை விண்விண் என்று தெறிக்கும். இறங்கினால் நடை கோணும். அவர் ஒரு காலை இழுத்து, அவள் ஒரு காலை இழுத்து, இரண்டு பேருமாக வாசலுக்கு வருவதைப் பார்த்துத் தையல்காரி சிரிப்பை அடக்கப் பல்லில் ஊசியைக் கடித்துக்கொண்டாள். ராத்திரி சமைக்கத் தெம்பில்லாமல் ரொட்டியும் வெங்காயமுமாக நாட்கள் போயின. அதையும் அவர்தான் நறுக்கினார். நறுக்கும்போது, நாளைக்கு ஓட்ட வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்ற கேள்வி அவர் முகத்தில் வருவதும் போவதுமாக இருக்கும். வெங்காயம் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

வங்கிக்குப் போகிற ஏற்றம் ஒன்று உண்டு. ஏற்றத்தின் நடுவில் சிக்னல். அங்கே நின்று கிளம்பும்போது வண்டி முன்னால் போகாமல் பின்னால் போயிற்று. பின்னால் காய்கறித் தள்ளுவண்டிக்காரர். அவர் கத்தவில்லை. ஓடவும் இல்லை. தன் வண்டியைத் திருப்பிக்கொண்டு, வேனுக்கு முன்னால் நடக்கிறவர் மாதிரி அதே வேகத்தில் இறக்கத்தில் நடந்தார். கீழே வந்து நின்றதும் ஜன்னலில் குனிந்து, "எங்கம்மா போகணும் உங்களுக்கு, மேலயா கீழயா" என்று பணிவாகக் கேட்டார்.

தொட்டிக்காரருக்கு அன்றைக்குத்தான் பொறுமை போயிற்று. என்னவெல்லாமோ சொல்லிவிட்டார். இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து என்னத்தைப் பார்த்தாய் என்றார். மீனைப் பார்த்தேன் என்றாள். சாலையைப் பார்க்கவில்லையா என்றார். நீங்கள் பார்க்கிறீர்களே என்று நினைத்தேன் என்றாள். பின்னால் தண்ணீர் தளும்பி அடங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தண்ணீர் தெரியும். விடிந்தால் பொழுது போனால் வாளியும் கையுமாக இருக்கிறவள். நிறைந்த வாளியோடு படி ஏறுவாள், ஒரு சொட்டு சிந்தாது. எப்படி என்று கேட்டால் அவளுக்கும் சொல்லத் தெரியாது.

"கொஞ்சம் பேசாம இருங்க" என்றாள். கிளட்சை விடத் தொடங்கினாள். காலைப் பற்றி நினைக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் காதை வைத்தாள். தண்ணீர் லேசாகப் பின்னால் சாய்ந்தது. சாயும்போதே விட்டதை நிறுத்திப் பிடித்தாள். டிரம்மில் இடிக்கவில்லை. சாய்ந்தது சாய்ந்தபடி நின்று, மெல்ல நிமிர்ந்தது. அப்போதுதான் பார்த்தாள், வண்டி போய்க்கொண்டிருந்தது. ஏற்றத்தில் போய்க்கொண்டிருந்தது.

மாவுக்கட்டு மணி அடிக்கவில்லை. அவர் மீன் பையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவள் ஓட்டினது ரோட்டைப் பார்த்து என்றாலும் கேட்டது தண்ணீரைத்தான். பிரேக் போட்டால் தண்ணீர் முன்னால் வரும், வந்து இடிக்கிறதுக்கு முன்னால் கொஞ்சம் விட்டுக் கொடுக்க வேண்டும். திருப்பத்தில் ஓரத்துக்குப் போகும், அது போகிற வேகத்துக்கு மேல் திருப்பக் கூடாது. கியர் மாற்றுகிற போது சளப் என்று கேட்டால் தப்பு, சத்தமில்லாவிட்டால் சரி. பல் டாக்டர் வீட்டுத் தொட்டி தெளிந்தது. ஹோட்டலுக்கு விசிறி வால் மீன்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள், எல்லாம் உயிரோடு போயின. நாய் மறுபடி தெருவில் படுத்தது. தையல்காரி மெஷினைப் பழைய இடத்துக்கே நகர்த்தினாள், அவளுக்குத்தான் ரொம்ப வருத்தம்.

தேர்வு நாள் வந்தது. தொட்டிக்காரருக்குக் கால் கட்டு அவிழ்த்திருந்த நேரம். விடியற்காலையிலேயே எழுந்துவிட்டார். அதிகாரி ஏறி உட்காரப் போகிற வண்டி, மீன் வாடை அடிக்கலாமா. நொண்டி நொண்டி டிரம்மையெல்லாம் இறக்கினார், டப்பை எடுத்தார், மோட்டாரைக் கழற்றினார், ஒரு சொட்டு ஈரமில்லாமல் துடைத்து, சீட்டில் சுத்தமான துண்டு விரித்தார். மனைவிக்குத் தன் கையால் செய்து கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான் என்பதால் பார்த்துப் பார்த்துச் செய்தார். வண்டி பெட்டிக் கடை பொம்மை மாதிரி பளபளத்தது. அவளும் பார்த்து மகிழ்ந்துதான் போனாள். போகிற வழியிலேயே வண்டி நான்கைந்து தடவை அணைந்தது, தேர்வுப் பயம் என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டார்கள்.

லைசென்ஸ் ஆபீஸில் அதிகாரி ஒல்லியான மனிதர். போங்க, நில்லுங்க, திரும்புங்க என்ற மூன்று சொல்லை வைத்துக்கொண்டே பிழைப்பை நடத்துகிறவர். போங்க என்றார். அவள் கிளட்சை விட்டுக்கொண்டே பின்னால் காதை வைத்தாள். பின்னால் ஒன்றுமே இல்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து அடி தெரியாத மாதிரி இருந்தது. எங்கே நிறுத்திப் பிடிப்பது என்று தெரியாமல் முழுக்க விட்டாள். வண்டி பழைய முயலாகிவிட்டது. அதிகாரியின் தலை பின்னால் போய் முன்னால் வந்தது. மறுபடி போங்க என்றார். மறுபடி அதே. ஏற்றத்தில் நிறுத்திக் கிளம்பச் சொன்ன இடத்தில் பின்னால் உருண்டு, ஓரத்தில் நட்டிருந்த கம்பைச் சாய்த்தாள். நில்லுங்க என்று சொல்ல வேண்டிய தேவையே அவருக்கு வரவில்லை. அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

திரும்பும்போது வண்டி வழியெல்லாம் அணைந்து அணைந்து வந்தது. கெடு முடியும் முன்பு இன்னொரு தேதி கொடுத்திருந்தார்கள். கொழுந்தன் போன் செய்து, பரவாயில்லை அண்ணி, எல்லாருக்கும் எல்லாம் வந்துடாது, அண்ணனை அடுத்த தேதி முடிஞ்ச கையோட நேரா கடைக்கே கூட்டிட்டு வந்துடுங்க என்று ஆறுதலாகச் சொன்னார். ஆறுதல் அவளுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

மறுநாள் காலை டிரம்மை நிரப்பி வண்டியில் ஏற்றினார்கள். ஏறி உட்கார்ந்தாள். கிளப்பினாள். வெண்ணெய் மாதிரி கிளம்பியது. ஏற்றத்தில் நின்றது, ஏற்றத்தில் போனது. அன்றைக்கு ஹோட்டல் தோட்டக்காரர் அழுக்குத் தண்ணீரையெல்லாம் செடிக்கு வாங்கிக்கொண்டதால் திரும்பி வரும்போது டிரம்மெல்லாம் காலி. தெருமுனைக்கு வருவதற்குள் நான்கு இடத்தில் அணைந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தினாள்.

"என்னங்க, தண்ணி இல்லேன்னா எனக்கு ஓட்ட வரல."

அவர் அவளையே பார்த்தார். முந்தின நாள் காலையில் தான் எதைத் துடைத்து எடுத்தோம் என்பது அவருக்கு மெல்ல மெல்ல உறைத்தது. முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது. நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க, எனக்கே தெரியாதே என்றாள். அப்படியானால் அடுத்த தடவை தண்ணீரோடு போகலாம் என்று அவர் அங்கேயே லைசென்ஸ் ஆபீஸுக்குப் போன் போட்டார். தேர்வு வண்டியில் சுமை எதுவும் இருக்கக் கூடாது, அங்கே சுவரிலேயே எழுதிப் போட்டிருக்கிறது, படிக்கவில்லையா என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

மிச்சமிருந்த நாட்களில் காலி வண்டியில் பழகப் பார்த்தாள். வரவில்லை. முன் கண்ணாடியில் தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். அது இஷ்டத்துக்கு ஆடி அவர் நெற்றியில் அடித்தது. கடைசியில் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பின்பக்கம் டிரம் நிற்கிற இடத்தில் பெட்டி போட்டு உட்கார்ந்துகொண்டு, கண்ணை மூடி, வண்டியின் அசைவுக்குத் தகுந்த மாதிரி வாயாலேயே தண்ணீர்ச் சத்தம் செய்தார். லேசாகப் போனால் ஷ்ஷ் என்பார். குதித்தால் சளப் என்பார். பிரேக் போட்டால் களக் களக். நிஜத் தண்ணீர்கூட அவ்வளவு உணர்ச்சியோடு தளும்பாது. அவளுக்கு ஓட்ட வந்தது, அவர் தொண்டைதான் கட்டிப்போயிற்று. சந்தில் நிறுத்தியிருந்தபோது எட்டிப் பார்த்த தையல்காரி, அண்ணனுக்குக் காலோட போகலையா, தலைக்கும் ஏறிடுச்சா என்று ரொம்பக் கவலையாக விசாரித்தாள்.

ஆனால் தேர்வில் அவர் உட்கார முடியாது. அது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

இரண்டாவது தேர்வு நாளன்று காலையிலிருந்து தூறல். லைசென்ஸ் ஆபீஸ் வாசலில் நீளமாக வண்டிகள். கொழுந்தன் கடையில் ஸ்டூலைத் துடைத்துப் போட்டுவிட்டதாகத் தகவல் சொல்லியிருந்தார். அவளுக்குக் காலையில் எதுவும் இறங்கவில்லை. தொட்டிக்காரர்தான், ஒரு டீ குடி, தெம்பா இருக்கும் என்று சொல்லி வாசல் கடைக்குப் போனார். ஊன்றுகோலும் கையுமாக அவரால் டீ எடுத்து வர முடியாது என்று அவளே பின்னால் போனாள். கடைக்காரர் தாராள மனசுக்காரர். காகிதக் கோப்பை விளிம்புக்கு மேல் நிற்கிற மாதிரி ஊற்றிக் கொடுத்தார். வாயில் வைப்பதற்குள் அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அதே ஒல்லி அதிகாரி. அவளைப் பார்த்ததும் ஏறுவதற்கு முன்பே கழுத்தைத் தடவிக்கொண்டார். ஏறினதும் பெல்ட்டை இறுக்கினார், மேலே இருந்த பிடியை ஒரு கையால் பிடித்தார். இன்னொரு கை காலியாக இருந்தது. அவள் கோப்பையோடு நின்றாள். கீழே கொட்டிவிட்டு ஏறியிருக்கலாம். கொட்டவில்லை. விளிம்பில் நின்று நடுங்கிக்கொண்டிருந்த டீயை ஒரு தடவை பார்த்தாள். ஏறி உட்கார்ந்து அதை அவர் கையில் கொடுத்தாள்.

"என்னம்மா இது. எனக்கு இதெல்லாம் வேண்டாம்."

"உங்களுக்கு இல்ல சார், எனக்கு. ரெண்டு கையும் ஸ்டீயரிங்ல இருக்கணும்னு உங்க சுவத்திலேயே எழுதிப் போட்டிருக்கு. கொஞ்சம் பிடிச்சுக்கங்க, வந்து குடிச்சுக்கறேன்."

அவர் போட்டிருந்தது வெள்ளைப் பேன்ட். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சை அடக்கி, "போங்க" என்றார்.

அவளுக்குக் காதுக்கு வேலையில்லை, ஓரக் கண்ணே போதும். கிளட்சை விட்டாள். டீ அவர் பக்கம் லேசாகச் சாய்ந்தது. விட்டதை நிறுத்திப் பிடித்தாள். சாய்ந்த டீ நிமிர்ந்தது, வண்டி போயிற்று. இரண்டாவது கியருக்குப் போனாள், ஒரு வளையம் எழுந்து அடங்கியது. திருப்பத்தில் டீ ஓரத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. அதிகாரி ரோட்டைப் பார்க்கவே இல்லை, கோப்பையைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஏற்றத்தில் நில்லுங்க என்றார், குரல் கொஞ்சம் கெஞ்சலாக இருந்தது. நின்றாள். கிளம்பினாள். டீ விளிம்பைத் தாண்டிப் புடைத்து, விழலாமா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்து, உள்ளே போயிற்று. ரிவர்ஸில் வந்து கோடுகளுக்கு நடுவே நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்தாள்.

அதிகாரி ரொம்ப நேரம் கழித்து மூச்சு விட்டார். மடியைப் பார்த்தார். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

"இதுக்கு முன்னாடி என்ன ஓட்டினீங்க?"

"தண்ணி சார்."

"ரெண்டாவது கியரை விட உங்களுக்கு மனசே வரமாட்டேங்குது. மூணாவதும் இருக்கு, அப்பப்ப போடுங்க" என்றார். பிறகு, அவர் வாயில் வருமா என்று ஆபீஸே சந்தேகப்படுகிற ஒரு நாலாவது சொல்லைச் சொன்னார். "பாஸ்." கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார். டீ ஆறிப் பச்சைத் தண்ணீராகியிருந்தது. அவள் ஒரே மூச்சில் குடித்தாள்.

தொட்டிக்காரர் ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து அவருக்குத் தெரிந்தது ஏற்றத்தின் ஒரு துண்டு மட்டும்தான். வண்டி கண்ணுக்குத் தெரிந்தபோதெல்லாம் வாய்க்குள்ளே ஷ்ஷ் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்து, அவள் வந்தபோது பெஞ்சு முழுக்க அவருக்கே என்று ஆகியிருந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் பெஞ்சைப் பிடித்து எழுந்தார். அவள் ஊன்றுகோலை எடுத்துக் கொடுத்தாள். வண்டிக்கு வந்து ஏறினார்கள்.

ஏறினதும் அவருடைய போன் அடித்தது. கொழுந்தன்தான். கடையில் ஆள் வந்து நிற்கிறான், மீனை எப்போது எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்கிறான், நீ எங்கே வந்துகொண்டிருக்கிறாய் என்று அவர் பேசுவது அவளுக்கும் கேட்டது.

"நான் வரலடா. வேலை இருக்கு. மத்தியானம் ஹோட்டலுக்குத் தண்ணி மாத்தணும்."

"வண்டி யாரு ஓட்டுவா?"

"டிரைவர் வந்தாச்சு" என்றார்.

"டிரைவருக்குப் பசிக்குதுன்னு சொல்லுங்க. காலையிலேர்ந்து சாப்பிடல" என்றாள் அவள், சாவியைப் போட்டுக்கொண்டே.

அவர் போனை வைத்தார். அவள் கிளட்சை மிதித்து, முதல் கியர் போட்டு, விட்டாள். காலி வண்டி முயல் மாதிரி ஒரு குதி குதித்து அணைந்தது.

தொட்டிக்காரர் வாயைத் திறந்தார். மூடினார். ஜன்னல் பக்கம் திரும்பி, லைசென்ஸ் ஆபீஸ் சுவரில் எழுதியிருந்ததையெல்லாம் மேலிருந்து கீழ்வரை ரொம்ப அக்கறையாகப் படிக்கத் தொடங்கினார். அவள் மறுபடி சாவியைத் திருகினாள்.